ஆளில்லாத் தீவில் ஒரு டீக்கடை

ஒரு தீவுக்குச் சுற்றுலாப் பயணிகள் வரவேண்டுமென்றால் கடல் மட்டும் இருந்தால் போதாது, வரலாறும் இருக்கவேண்டும் என்பது சுற்றுலாத் துறையின் அசைக்கமுடியாத கொள்கை. கடல் எல்லாத் தீவுக்கும் தானாகவே அமைந்துவிடுகிறது. அதில் தீவின் சாமர்த்தியம் என்று ஒன்றும் இல்லை. வரலாறு அப்படி அமையாது. ஒரு சண்டை நடந்திருக்கவேண்டும், இல்லையென்றால் ஒரு ராஜா ஓடிவந்து ஒளிந்திருக்கவேண்டும், அட, ஒரு கப்பலாவது கரைதட்டி உடைந்திருக்கவேண்டும். நம் கதையில் வரும் சின்னஞ்சிறு தீவில் இதில் ஒன்றுகூட நடக்கவில்லை. தென்னை வளர்ந்தது, மீன் கிடைத்தது, மழைக்காலத்தில் மழை பெய்தது. இதை வைத்துக்கொண்டு ஓர் அறிவிப்புப் பலகையைக்கூட நிரப்பமுடியாது.

இருந்தும் துறை அந்தத் தீவைத்தான் தேர்ந்தெடுத்தது. காரணம், கரையோர மணலில் பாதி புதைந்து கிடந்த ஒரு கல். எத்தனையோ காலத்துக்கு முன்னால் எந்த நாட்டுக்காரரோ, ஒரு கப்பல் கேப்டன் அங்கே வந்து இறங்கி, சுற்றும் முற்றும் பார்த்துவிட்டு, ‘இத்தீவை நான் கண்டுபிடித்தேன். மனிதர் எவரும் இல்லை’ என்று அந்தக் கல்லில் செதுக்கிவிட்டுப் போயிருந்தார். அந்தக் கல்லை ஒட்டித்தான் நம்முடைய டீக்கடைக்காரரின் கடை. நாலு கம்பு, மேலே ஓலை, ஒரு மண்ணெண்ணெய் அடுப்பு, ஒரு பெஞ்சு. பெஞ்சில் இடம் கிடைக்காதவர்கள் கல்லில் உட்காருவார்கள். ‘மனிதர் எவரும் இல்லை’ என்பதன்மேல் மூன்று பேர் தாராளமாக உட்காரலாம்.

கேப்டன் பொய் சொன்னார் என்று நினைத்துவிடக்கூடாது. அவர் வந்த அன்று உண்மையாகவே அங்கே யாரையும் காணவில்லை. தூரத்தில் கப்பலைப் பார்த்ததும், அதன் உச்சியில் கொடியைப் பார்த்ததும், தீவுக்காரர்கள் கணக்குப் போட்டுவிட்டார்கள். கொடி என்றால் அதிகாரி; அதிகாரி என்றால் வரி. அடுப்பை அணைத்தார்கள், பிள்ளைகளையும் கோழிகளையும் வாரி எடுத்தார்கள், படகுகளில் ஏறித் தீவின் மறுபக்கம் இருந்த பெரிய பாறைக்குப் பின்னால் போய் மூச்சுக்காட்டாமல் உட்கார்ந்துவிட்டார்கள். கேப்டன் கூப்பிட்டுப் பார்த்தார், இரண்டு இளநீர் குடித்தார், கல்லைச் செதுக்கினார், போய்விட்டார். இவர்கள் திரும்பிவந்து பாதியில் விட்ட சாப்பாட்டைச் சாப்பிட்டார்கள்.

அன்று கொடியை முதலில் பார்த்தது தன்னுடைய கொள்ளுத்தாத்தாதான் என்பதில் டீக்கடைக்காரருக்கு ஏகப்பட்ட பெருமை. டீ குடிக்க வருகிறவர்களிடம் அந்தக் கதையைச் சொல்லாமல் சில்லறை கொடுக்கமாட்டார்.

அன்று பிடித்த பழக்கம் அப்படியே நிலைத்துவிட்டது. வரி வசூலிக்க வந்தவன், தலை எண்ண வந்தவன், தடுப்பூசி போட வந்தவன், ஓட்டுக் கேட்க வந்தவன் என்று எவன் வந்தாலும் ஒரே மரியாதைதான். மரத்தின் உச்சியிலிருந்து ஒரு விசில். பால் பொங்குகிற நேரத்துக்குள் தீவு காலி. பிள்ளைகளுக்கு நடக்கக் கற்றுக்கொடுப்பதற்கு முன்னால் ஓடக் கற்றுக்கொடுத்த ஊர் அது. தலைமுறை தலைமுறையாக அரசாங்கத்தின் கண்ணில் மண்ணைத் தூவிய சந்தோஷத்தில், தங்களுக்குப் பள்ளிக்கூடம் இல்லை, ஆஸ்பத்திரி இல்லை, ஒரு தெருவிளக்குகூட இல்லை என்பதை அவர்கள் பெரிதாக நினைக்கவில்லை.

இந்த நிலையில்தான் சுற்றுலாத் துறையின் மோட்டார் படகு வந்தது. வழக்கம்போல எல்லோரும் பாறைக்குப் பின்னால் போனார்கள். வந்த அதிகாரி கல்லைப் பார்த்துப் பரவசப்பட்டார், அதைச் சுற்றி நாலு தடவை நடந்தார், பக்கத்தில் ஒரு பலகையை நட்டுவிட்டுப் போனார். டீக்கடைக்காரரின் மச்சினனான படகோட்டி, அக்கரையில் போய் மீன் விற்றுவருகிறவன், அந்தப் பலகையை எழுத்துக்கூட்டிப் படித்தான்.

“மாமா, சுற்றுலாத் தலம் வருதாம். கரண்டு, குடிதண்ணி, படகுத்துறை எல்லாம் போடப்போறாங்களாம். தினமும் நூத்துக்கணக்கா ஜனம் வருமாம்.”

டீக்கடைக்காரருக்குத் தலைகால் புரியவில்லை. நூற்றுக்கணக்கான ஜனம் என்றால் நூற்றுக்கணக்கான டீ. அவருக்கு வெகுநாளாக ஓர் ஆசை இருந்தது. கடையில் ஒரு மின்விசிறி மாட்டவேண்டும். கீழே கண்ணாடிப் பெட்டியில் பிஸ்கட், மேலே சுற்றுகிற விசிறி, கல்லாவில் சட்டை போட்டுக்கொண்டு தான். வாழ்க்கையில் அதற்குமேல் அவர் எதுவும் கேட்டதில்லை.

அன்றைக்கே ஊர்க் கூட்டத்தில் எழுந்து பேசினார். “இந்த ஒருதடவை மட்டும் ஒளியாம இருப்போம். வர்றவங்க வரி கேக்க வரல, காசு கொடுக்க வர்றாங்க.”

ஊரில் உரத்த குரல் உள்ள ஒரே மனிதரானதால் தலைவர் என்று அழைக்கப்பட்டவர், தாடையைத் தடவியபடி யோசித்தார். “படகுத்துறைக்கு யார் பேரு வெப்பாங்க?” என்று கேட்டார். “உங்க பேருதான் தலைவரே” என்றார் டீக்கடைக்காரர். தீர்மானம் ஏகமனதாக நிறைவேறியது.

அதிகாரி இரண்டாம் முறை வந்தபோது ஊரே கரையில் நின்று கும்பிட்டது. அவர் படகிலிருந்து இறங்கப்போன காலை மறுபடியும் உள்ளே இழுத்துக்கொண்டார்.

“யார் நீங்கல்லாம்?”

“இந்த ஊர்க்காரங்க சார்.”

“எந்த ஊரு?”

“இதே ஊருதான் சார்.”

“இங்க ஊரே கிடையாதே. கல்லைப் பாக்கலையா? தெளிவா எழுதியிருக்கே.”

டீக்கடைக்காரர் சிரித்துவிட்டார். கொள்ளுத்தாத்தா கதையைக் கைகால் ஆட்டி நடித்தே காட்டினார். அதிகாரி கடைசிவரை கேட்டார். கேட்டுவிட்டு வருத்தத்தோடு தலையாட்டினார்.

“நல்ல கதைதான். ஆனா கதை வேற, வரலாறு வேற. கல்லுல இருக்கறதுதான் வரலாறு. நாங்க இந்தத் தீவுக்குத் தினசரிக் கண்டுபிடிப்புத் திட்டம்னு ஒண்ணு அனுமதி வாங்கியிருக்கோம். காலையில கப்பல் வரும். கேப்டன் இறங்குவார். தீவைக் கண்டுபிடிப்பார். கூட வர்ற பயணிகளும் சேந்து கண்டுபிடிப்பாங்க. இன்னிக்கு உலகம் பூரா ஆளில்லாத எடத்துக்குத்தான் கூட்டம் அலைமோதுது. அந்த நேரம் பாத்து நீங்க இப்படிக் கும்பிட்டுக்கிட்டு நின்னா, அவங்க எதைக் கண்டுபிடிப்பாங்க?”

“அப்ப நாங்க என்ன சார் பண்ணணும்?” என்றார் தலைவர்.

“காலையில கொஞ்ச நேரம் ஒதுங்கி இருங்க. வரலாறு முடிஞ்சதும் வந்து உங்க வேலையைப் பாருங்க. அதுக்குப் பதிலா கரண்டு, தண்ணி எல்லாம் உண்டு.”

தீவுக்காரர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். இத்தனை காலமும் திருட்டுத்தனமாகச் செய்துவந்த வேலையை இனி அரசாங்க அனுமதியோடு செய்யலாம், கூலியும் உண்டு! மீனைப் பார்த்து நீந்தத் தெரியுமா என்று கேட்டதுபோல இருந்தது. அதிகாரியின் படகு மறைந்ததும் மணலில் உருண்டு உருண்டு சிரித்தார்கள். டீக்கடைக்காரரின் மனைவி மட்டும் சிரிக்கவில்லை.

“ஏங்க, ஆளுங்க வர்ற நேரத்துல நாம ஒளிஞ்சுக்கிட்டா டீயை யாரு விக்கிறது?”

“அதெல்லாம் சாயந்தரம் பாத்துக்கலாம். நீ சும்மா எதையாவது கிளப்பாத” என்றார் அவர்.

முதல் நாள் கப்பல் வந்தது. டீக்கடைக்காரர் பாறைக்குப் பின்னால் படகில் உட்கார்ந்திருந்தார். மடியில் கெட்டில், காலடியில் கோழிக்கூடை, பக்கத்தில் மனைவி. மச்சினன் பாறையிடுக்கு வழியாக எட்டிப் பார்த்துச் சொல்லிக்கொண்டிருந்தான்.

“கேப்டன் எறங்கிட்டார் மாமா. தொப்பியில எறகு வெச்சிருக்கார். இப்ப முட்டி போடறார். மண்ணுக்கு முத்தம் குடுக்கறார். த்தூ, வாயில நண்டு ஏறிருச்சு போல.”

“கூட்டம் எவ்வளவு இருக்கும் மாப்பிள்ளை?”

“நூத்தம்பதுக்குக் கொறையாது.”

“நூத்தம்பது டீ” என்று டீக்கடைக்காரர் கெட்டிலைக் கட்டிக்கொண்டார்.

‘மனிதர் எவரும் இல்லை!’ என்று கேப்டன் கணீரென்று முழங்கினார். அவர் அக்கரை நாடகக் குழு ஒன்றில் பல வருஷம் அழுத அனுபவம் உள்ளவர். நூற்றைம்பது பேரும் கைதட்டினார்கள். பிறகு அவரவர் தனிமையைத் தேடிக் கிளம்பினார்கள். தீவோ சின்னது, தனிமையும் அதற்கேற்ற அளவுதான் இருந்தது. நல்ல தனிமை உள்ள இடங்களில் வரிசை நின்றது. “கொஞ்சம் தள்ளுங்க சார், ஆளே இல்லாத மாதிரி ஒரு போட்டோ எடுக்கணும்” என்று ஒருவர் மற்றவரைக் கேட்டுக்கொண்டார். தென்னந்தோப்பில் தனிமைப் பயிற்சி நடத்தும் நிபுணர் ஒருவர் ஒலிபெருக்கியோடு நின்றார். “இப்போது நீங்கள் முற்றிலும் தனியாக இருக்கிறீர்கள்!” என்றார். “ஆமாம்!” என்று நாற்பது பேர் ஒரே குரலில் கத்தினார்கள். சாயந்தரம் அவர்கள் கப்பலேறிப் போகும்வரை தீவுக்காரர்களால் பாறையை விட்டு நகரமுடியவில்லை.

திட்டம் அமோக வெற்றி. வெற்றி பெற்ற திட்டத்தைச் சும்மா விட்டுவைக்க எந்தத் துறைக்கும் மனசு வராது. அதிகாரி வாரத்துக்கு ஒருமுறை வந்து ஒரு குறையோடு நின்றார். மணலில் காலடித் தடம் இருப்பதாகப் பயணிகள் புகார் செய்திருக்கிறார்கள் என்றார். அதனால் விடிந்ததும் ஊரே பின்னோக்கி நடந்து மணலைப் பெருக்கிக்கொண்டே படகுக்குப் போனது. கடைசியில் பெருக்குகிறவரின் தடம் மட்டும் மிஞ்சிவிடும் என்பதால், அவரை அலாக்காகத் தூக்கிப் படகில் போட இரண்டு பேர் இடுப்பளவு தண்ணீரில் காத்து நின்றார்கள்.

அடுத்த வாரம் கோழி. ஒரு கோழி படகில் ஏறாமல் தங்கிவிட்டு, கேப்டன் முழங்கிக்கொண்டிருக்கும்போது குறுக்கே நடந்து போய்விட்டது. ‘மேற்படி கோழியானது மனிதத் தொடர்பின்றித் தன்னிச்சையாகத் தீவில் தோன்றியிருக்க வாய்ப்பில்லை என்பதால், அது வரலாற்றுக்குக் குந்தகம் விளைவிக்கும் தன்மையது எனக் கருதப்படுகிறது’ என்று அதிகாரி வாசித்தார். தலைவருக்கு அந்த வாசகம் மிகவும் பிடித்துப்போயிற்று. மேற்படி கோழியை அன்றிரவே தன் வீட்டுக்குக் கொண்டுபோய்க் குழம்பு வைத்துவிட்டார்.

அதற்கடுத்த வாரம் டீக்கடைக்காரரின் முறை.

“பாறைக்குப் பின்னாடியிருந்து டீ வாசனை வருதாம்” என்றார் அதிகாரி.

“ஊரே காலங்காத்தால படகுல உக்காந்திருக்கு சார். ஆளுக்கு ஒரு வாய் டீ குடிச்சா என்ன தப்பு?”

“டீ குடிங்க, யாரு வேண்டாங்கறா? வாசனை இல்லாத டீயாக் குடிங்க.”

ஒரு நாளைக்கு ஒரு கண்டுபிடிப்பு போதவில்லை. முற்பகலில் ஒன்று, பிற்பகலில் ஒன்று என்று ஆனது. விடுமுறைக் காலத்தில் நடுவிலும் ஒன்றைச் செருகினார்கள். கேப்டனுக்குத் தொண்டை கட்டி, ‘மனிதர் எவரும்’ என்று அவர் ஆரம்பிக்க, ‘இல்லை’யைப் பயணிகளே சேர்ந்து சொன்னார்கள். கரண்டு வந்தது உண்மைதான். ஆனால் விளக்கைப் போட்டால் தூரத்துக் கப்பலுக்குத் தெரியும் என்பதால் போடக்கூடாது. தீவுக்காரர்கள் பொழுதுபோன பிறகு கரைக்கு வந்து, இருட்டில் சமைத்து, இருட்டில் சாப்பிட்டு, விடிவதற்குள் துடைப்பத்தோடு எழுந்தார்கள்.

இந்தச் சமயத்தில் அதிகாரிக்கு ஓர் அருமையான யோசனை உதித்தது. “பகல் பூரா வீடெல்லாம் காலியாத்தானே கெடக்கு? பயணிகள் சாயந்தரம் வரைக்கும் தங்கக் குடுத்துடலாமே.”

“நாங்க படகுல இருக்கறதாலதான் சார் காலியா இருக்கு” என்றார் டீக்கடைக்காரர்.

“அதைத்தான நானும் சொல்றேன். நீங்கதான் படகுல இருக்கீங்களே.”

அதற்குப் பதில் இருந்தது. நிச்சயம் இருந்தது. டீக்கடைக்காரர் அதை யோசித்துக் கண்டுபிடிப்பதற்குள் அவர் வீட்டுக்குள் ஒரு தம்பதி பெட்டியோடு நுழைந்து, ‘எவ்வளவு நிஜமா பண்ணியிருக்காங்க பாரு, அழுக்குகூட அப்படியே இருக்கு’ என்று வியந்துகொண்டிருந்தார்கள். அதைக் கேட்ட டீக்கடைக்காரரின் மனைவிக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. அந்த அடுப்படியை அவள் அன்று விடிகாலை இருட்டில்தான் மெழுகிவிட்டுப் போயிருந்தாள்.

கடைசியாக வந்தது கடைக்கான உத்தரவு. வரலாற்றுக் கல்லின் அழகை மறைத்துக்கொண்டு, உரிமையாளர் எவர் என்று அறியப்படாத கொட்டகை ஒன்று நிற்கிறது. அதை அப்புறப்படுத்தி, பயணிகளின் நலன் கருதி அவ்விடத்தில் நவீன தேநீர் நிலையம் ஒன்று அமைக்கப்படும் என்றார் அதிகாரி. நவீன தேநீர் நிலையத்தின் படத்தையும் காட்டினார். அதில் கண்ணாடிப் பெட்டி இருந்தது. மின்விசிறி ஒன்றல்ல, மூன்று.

டீக்கடைக்காரர் படத்தை வெகுநேரம் பார்த்தார். ஒருநாள்கூட ஒரு பயணிக்கு ஒரு டீ விற்காமலே தன் கடை போகப்போகிறது என்பது அவருக்கு அப்போதுதான் முழுசாக உறைத்தது.

“போதும்” என்றாள் மனைவி. “பெரிய ஆபீசுக்குப் போய், நாங்க மனுஷங்க, இங்கதான் இருக்கோம்னு சொல்லிட்டு வாங்க. வேற ஒண்ணும் பேச வேண்டாம்.”

டீக்கடைக்காரரும் தலைவரும் இருக்கிற நல்ல சட்டையைப் போட்டுக்கொண்டு அக்கரைக்குப் போனார்கள். சுற்றுலாத் துறையின் பெரிய அலுவலகத்தில் எல்லாச் சுவரிலும் ஆளில்லாத் தீவின் படம் மாட்டியிருந்தது. இயக்குநர் நல்ல மனிதர். நாற்காலி கொடுத்தார், தண்ணீர் கொடுத்தார், பொறுமையாகக் கேட்டார்.

“சரி, நீங்க அந்தத் தீவுக்காரங்கதாங்கறதுக்கு என்ன ஆதாரம்?”

“நாங்களே வந்து உங்க முன்னாடி நிக்கிறோமே சார்” என்றார் டீக்கடைக்காரர்.

“நீங்க என் ஆபீஸ்ல நிக்கிறீங்க. அதனால நீங்க என் ஆபீஸ்ல இருக்கீங்கன்னு நிரூபணம் ஆகுது. தீவுல இருக்கீங்கன்னு எப்படி ஆகும்?”

தலைவர் இந்த வாதத்தின் அழகில் மயங்கித் தலையாட்டினார். டீக்கடைக்காரர் அவர் காலை மிதித்தார்.

“வரி கட்டின ரசீது இருக்கா?”

“இல்லைங்க.”

“மக்கள்தொகைக் கணக்கு எடுத்தப்ப உங்களை எண்ணியிருப்பாங்களே?”

“அன்னிக்கு ஊர்ல இல்லைங்க.”

“தடுப்பூசி?”

“அன்னிக்கும் இல்லைங்க.”

“யாராவது ஒரு அதிகாரி, எப்பவாவது ஒரு தடவை, உங்களைத் தீவுல பாத்ததா முறைப்படி எழுதியிருக்காரா?”

கொள்ளுத்தாத்தாவை நினைத்து வாழ்க்கையில் முதல்முறையாக டீக்கடைக்காரருக்குக் கோபம் வந்தது.

இயக்குநர் இரக்கப்பட்டார். “ஒண்ணு பண்ணலாம். வர்ற திங்கக்கிழமை நானே நேரடி ஆய்வுக்கு வர்றேன். அன்னிக்குக் கண்டுபிடிப்பை நிறுத்திவைக்கச் சொல்றேன். என் கண்ணு முன்னால, அந்த மண்ணுல நின்னு, ஒரே ஒருத்தர், நான் இந்தத் தீவுக்காரன்னு சொல்லட்டும். போதும். வரலாற்றைத் திருத்திடலாம். வீடு உங்க வீடு, கடை உங்க கடை.”

திரும்பும் வழியெல்லாம் தலைவர் பாடிக்கொண்டே வந்தார். டீக்கடைக்காரருக்கு மட்டும் ஒரு கவலை இருந்தது. அரசாங்கப் படகைப் பார்த்தால் இந்த ஜனம் நிற்குமா?

அதனால் தினமும் கப்பல் போனபிறகு ஊரில் நிற்கும் பயிற்சி ஆரம்பித்தது. படகோட்டி கால்சட்டை மாட்டிக்கொண்டு, கம்பில் ஒரு கொடியைக் கட்டிக்கொண்டு, அதிகாரியாகக் கடலிலிருந்து வந்தான். மற்றவர்கள் கரையில் அசையாமல் நிற்கவேண்டும். முதல் தடவை அவன் கரைசேர்ந்தபோது அங்கே செருப்புகள் மட்டும்தான் கிடந்தன. இரண்டாம் தடவை தலைவர் நின்றார். ஆனால் கழுத்தளவு தண்ணீரில் நின்றார். டீக்கடைக்காரர் விடவில்லை. கெஞ்சினார், திட்டினார், படகுகளை எல்லாம் மேட்டில் ஏற்றிக் கவிழ்த்துப் போட்டார். “ஓடணும்னு கால் சொன்னா, நீ மனசுக்குள்ள ஏதாவது பாட்டுப் பாடு” என்று பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்தார். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம், கொடியோடு வந்த மச்சினன் முன்னால் ஊர் மொத்தமும் நின்றது. வாய்க்குள் பாட்டு ஓடியது, கால் நின்றது. டீக்கடைக்காரர் எல்லாருக்கும் இலவசமாக ஒரு டீ போட்டுக் கொடுத்தார்.

திங்கட்கிழமை வந்தது. வழக்கமாகப் பயணிகளை ஏற்றிவரும் கப்பலிலேயே இயக்குநர் வந்தார். கண்டுபிடிப்பு இல்லை என்று முன்கூட்டியே அறிவிக்க மறந்துவிட்டதால் பயணிகளும் வந்திருந்தார்கள். கொடி தெரிந்ததும் மரத்திலிருந்து பழக்கதோஷத்தில் ஒரு விசில் வந்தது. கூட்டம் ஒரு குலுங்கு குலுங்கியது. “பாடுங்க! பாடுங்க!” என்று டீக்கடைக்காரர் பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னார். ஒருவர்கூட ஓடவில்லை. அவருக்கு அழுகையே வந்துவிட்டது. அவர் கடை அடுப்பில் டீ கொதித்துக்கொண்டிருந்தது; இயக்குநருக்கு முதல் டீ தன் கையால்தான் என்று முடிவு செய்திருந்தார்.

இயக்குநர் மலர்ந்த முகத்தோடு இறங்கினார். அவருக்குப் பின்னால் தோல்பையோடு ஓர் ஒல்லியான ஆள் இறங்கினார்.

“இவர் யாருங்க சார்?” என்றார் தலைவர்.

“இவரா? வரித் துறையில இருக்கார். என் ஃபிரண்டு. சும்மா கடல் பாக்கக் கூட வந்தார்” என்றார் இயக்குநர். “சரி, ஆரம்பிக்கலாமா? ஐயா, நீங்க சொல்லுங்க. நீங்க எந்த ஊரு? எத்தனை தலைமுறையா இங்க இருக்கீங்க?”

ஒல்லியான ஆள் கடலைப் பார்க்கவில்லை. தோப்பைப் பார்த்தார். கவிழ்ந்து கிடந்த படகுகளைப் பார்த்தார். உதடு அசைய எதையோ எண்ணினார்.

தலைவரின் உரத்த குரல் எங்கேயோ போய்விட்டது. “நானா? நான் வெளியூருங்க. காத்து வாங்கலாம்னு வந்தேன்.”

டீக்கடைக்காரர் திகைத்துப்போய்த் திரும்பினார். இயக்குநரும் திகைத்தார். அடுத்தவரைக் கேட்டார்.

“நான் இவர்கூட வந்தேன் சார். இவருக்குத் தம்பி முறை.”

“நீங்க?”

“சுற்றுலா சார். தனிமைக்காக வந்தேன்.”

“நீயாவது சொல்லும்மா.”

“எங்க சித்தியைப் பாக்க வந்தேங்க.”

“சித்தி எங்க இருக்காங்க?”

“அவங்களும் வெளியூருதாங்க.”

கால்களுக்குத்தான் பயிற்சி கொடுத்திருந்தார்கள். நாக்குக்கு யாரும் கொடுக்கவில்லை. வரிசையாக எல்லோரும் நின்ற இடத்தில் நின்றபடியே ஓடிக்கொண்டிருந்தார்கள். மச்சினன்கூடத் தான் கப்பலில் வந்ததாகச் சொல்லி, கப்பலின் பேரை வேறு தப்பாகச் சொன்னான். கடைசியில் இயக்குநர் கடைக்கு வந்தார். டீக்கடைக்காரர் ஒரு கையில் டம்ளரும் ஒரு கையில் வடிகட்டியுமாக நின்றார். மனைவி அவர் சட்டையைப் பின்னாலிருந்து இறுக்கிப் பிடித்திருந்தாள்.

“சொல்லுங்க” என்று அவள் காதோரம் சொன்னாள். “ஒரே வார்த்தைங்க. நம்ம வீடுங்க.”

சொல்லத்தான் அவர் வாயைத் திறந்தார். சத்தியமாகச் சொல்லத்தான் திறந்தார். அப்போது ஒல்லியான ஆள் கடைக்குள் தலையை நீட்டி, பெஞ்சின் நீளத்தைக் கண்ணால் அளந்தார்.

“இந்தக் கடை யாருது?” என்று கேட்டார் இயக்குநர்.

“தெரியலையே சார்” என்றார் டீக்கடைக்காரர். அது அவர் குரல்தான், அவருக்கே ஆச்சரியமாக இருந்தது. “நானும் டீ குடிக்கத்தான் வந்தேன். கடைக்காரரைக் காணோம். அதான் நானே ஊத்திக்கிறேன்.”

சட்டையைப் பிடித்திருந்த கை விட்டுவிட்டது.

“அம்மா, நீங்க?”

“நான் இவரை நம்பி வந்தவ” என்றாள் அவள்.

இயக்குநர் பெருமூச்சு விட்டார். தன் கடமையில் அவர் குறை வைக்கவில்லை. எவரும் உரிமை கோராத அந்த டீயைக் குடித்துப் பார்த்து, பிரமாதம் என்றார். கல்லில் எழுதியிருப்பது நூற்றுக்கு நூறு சரி என்று நேரடி ஆய்வில் உறுதிப்படுத்தினார். வந்திருக்கும் பயணிகள் அனைவரும் மாலைக் கப்பலில் திரும்பிவிடவேண்டும், ஆளில்லாத் தீவில் இரவில் ஆள் தங்குவது சட்டப்படி குற்றம் என்று அறிவிக்கச் சொன்னார். ஒல்லியான ஆள் ஏமாற்றத்தோடு பையை மூடினார்.

மாலையில் ஊழியர்கள் ஊரையே எண்ணி எண்ணிக் கப்பலில் ஏற்றினார்கள். தலை எண்ணுவதற்கு அவர்கள் நின்று கொடுத்தது அதுதான் முதல் தடவை. அத்தனை பேரும் வெளியூர்க்காரர்களாகப் படியேறினார்கள். கவிழ்த்துப் போட்ட படகுகள் மேட்டிலேயே கிடந்தன. கப்பல் நகர்ந்ததும் தலைவருக்குக் குரல் திரும்ப வந்தது.

“பாத்தீங்களாடா! வரிக்காரன் மூஞ்சிக்கு நேரா நின்னோம். ஒரு பைசா வாங்க முடிஞ்சுதா அவனால? நம்ம முப்பாட்டனுங்ககூட ஒளிஞ்சுதான் ஏமாத்தினாங்க. நாம நின்ன எடத்துலயே ஏமாத்திட்டோம்!”

முதலில் ஒருவர் சிரித்தார், இன்னொருவர் சிரித்தார், கப்பலின் பின்பக்கம் முழுவதும் சிரிப்பு பரவியது. டீக்கடைக்காரருக்கும் சிரிப்பு வந்தது. வடிகட்டி இன்னும் அவர் கையிலேயே இருந்தது.

“சரி, இப்ப எங்க போய் எறங்கறது?” என்றாள் அவர் மனைவி.

தீவு சிறுத்துக்கொண்டே போனது. பக்கத்தில் நின்று அதைப் படம் எடுத்துக்கொண்டிருந்த பயணி ஒருவர் டீக்கடைக்காரரைத் தோளில் தட்டினார்.

“தீவு எப்படிங்க இருந்துச்சு? பிடிச்சுதா?”

டீக்கடைக்காரர் வடிகட்டியை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டார். மனைவியின் பக்கம் மட்டும் அவர் திரும்பவில்லை.

“ரொம்ப நல்லா இருந்துச்சுங்க” என்றார். “ஆளே இல்லை.”